தலைகீழ்க் கும்பிடு

என் புருஷன் பெயர் தியாம்-சாய். ஊரில் எல்லாருக்கும் சாய். முன்பெல்லாம் நானும் மரியாதையாக "அவர்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி அந்த மரியாதை என் வாயில் வராது. அவன்தான். கேட்கிறவர்களுக்குக் காது கூசினால் கூசட்டும்.

நான் ஜீப்பின் மேல் ஆடுகிறவள். கூரையில் நட்டிருக்கும் எஃகுக் கம்பத்தில் ஏறி, சுழன்று, தலைகீழாகத் தொங்கி ஆடுவது என் தொழில். வண்டியை ஓட்டுவது சாய். கல்யாணம், சாவு, கோயில் ஊர்வலம், தேர்தலில் ஜெயித்தவன் வீட்டு வாசல், எல்லாவற்றுக்கும் போவோம். "எங்க அப்பாவுக்கு உயிரோட இருந்தப்போ கலகலன்னு இருந்தாத்தான் பிடிக்கும்" என்று பிள்ளைகள் வந்து கூப்பிடுவார்கள். போய்ச் சவப்பெட்டிக்கு மூன்று கும்பிடு போட்டுவிட்டு, அதற்கு எதிரிலேயே ஆடிவிட்டு வருவோம். தைப்பேயிலிருந்து வந்த ஒரு பெண் ஒரு தடவை என்னிடம், "உங்களுக்குச் சங்கடமா இல்லையா?" என்று கேட்டாள். செத்தவருக்கே சங்கடம் இல்லை, உனக்கு என்னடி என்றேன்.

ஆனால் எங்கள் ஊர்க் கடல் அம்மனின் பிறந்தநாள் ஊர்வலம் வேறு. அது தொழில் இல்லை. அம்மன் பல்லக்குக்கு முன்னால் ஜீப்புகள் வரிசை கட்டி நிற்கும். பல்லக்கு கோயில் வாசலைத் தாண்டுகிற நேரத்தில், முதல் ஜீப்பில் இருக்கிறவள் கம்பத்தின் உச்சியில் ஒரு முழங்கால் மடிப்பில் மட்டும் உடம்பைப் பூட்டித் தலைகீழாகத் தொங்கி, இரண்டு கையையும் விட்டு, அம்மனைப் பார்த்துக் கும்பிட வேண்டும். தலைகீழ்க் கும்பிடு என்று சொல்வோம். அது முடிந்தால்தான் வெடி கொளுத்துவார்கள், ஊர்வலம் நகரும். கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே அந்தக் கும்பிடு என்னுடையது. சின்னப் பிள்ளைகள் என்னைக் கடைத்தெருவில் பார்த்தால் கையைக் கூப்பித் தலையைச் சாய்த்துக் காட்டும். இந்த உலகத்தில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அதை வைத்துக்கொள்வதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நாற்பதைத் தாண்டிய உடம்பு சும்மா வைத்தால் நிற்குமா? எங்கள் வீடு நான்காவது மாடி. கூடத்தில், டிவிக்கும் முன்னோர் மாடத்துக்கும் நடுவே, தரைக்கும் கூரைக்கும் முட்டுக் கொடுத்து ஒரு கம்பம் நிறுத்தியிருக்கிறேன். என் மாமனார் படத்துக்கு எதிரேயே தொங்குவேன். பாவம், அவர் பார்க்காத கூத்து இல்லை. காலையில் எழுந்ததும் மாடிப்படி ஏறி இறங்குவது, கதவு நிலையைப் பிடித்துத் தொங்குவது, முழங்கையை ஊன்றி வயிறு நடுங்குகிற வரை பலகை மாதிரி நிற்பது, அப்புறம்தான் கம்பம். சோற்றைப் பாதியாக்கிச் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அவித்த முட்டையும் தின்றேன். பால் டீ பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

எங்கள் ஆட்டம் முழுக்கத் தோலில் இருக்கிறது. தோல்தான் கம்பத்தைப் பிடிக்கும். அதனால் குளிர்காலத்தில் கால் பாளம் பாளமாக வெடித்தாலும் எண்ணெய் தடவ மாட்டோம், கிரீம் பூச மாட்டோம். ஏறுவதற்கு முன்னால் கம்பத்தை ஆல்கஹால் தெளித்துத் துண்டால் துடைப்போம். அந்தத் துண்டைத் தனியாகத் தோய்ப்போம். துணி மெத்தென்று ஆகக் கடைசி அலசலில் ஊற்றுகிறார்களே சாஃப்ட்னர், அது ஒரு சொட்டு அந்தத் துண்டில் பட்டால் போச்சு. துண்டிலிருந்து கம்பத்துக்கு வரும், கம்பத்திலிருந்து தொடைக்கு வரும், மேலே போனவள் விர்ரென்று கீழே வருவாள். இதை எங்கள் ஆட்டக் குழுவில் புதிதாகச் சேருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது யார் தெரியுமா? சாய். "துண்டுல அதை ஊத்தினவ என் வண்டியில ஏறக் கூடாது" என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லுவான்.

நான் சொல்லிக்கொடுப்பது வேறொன்று. வழுக்கினால் கம்பத்தைக் குறை சொல்லாதே. சோம்பேறிகள்தான் கம்பம் சரியில்லை, காற்று ஈரம் என்று சாக்குச் சொல்லுவார்கள். வழுக்கினால் உன் உடம்பைப் பார், இன்னும் கொஞ்சம் உழை என்பேன். பெரிய மேதாவி மாதிரி எத்தனை பெண்களிடம் சொல்லியிருக்கிறேன்.

போன குளிர்காலத்தில் எனக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. பெரிதாக ஒன்றும் இல்லை. மருந்துப் பட்டி போட்டு, கொஞ்ச நாள் ஓய்வாக இருந்தால் போதும் என்றார் வைத்தியர். வீட்டுக்கு வந்ததும் சாய் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு துணி மெஷினுக்கு முன்னால் போய் நின்றான்.

"இனிமே ஈரத்துணி தூக்கற வேலை உனக்கு வேணாம். நான் பாத்துக்கறேன்."

"உனக்கு மெஷின்ல எந்தப் பொத்தானை அமுக்கணும்னு தெரியுமா?"

"ஜீப்பே ஓட்டறவன், இதை ஓட்ட மாட்டனா?"

கீழ்வீட்டு லோ அத்தை பால்கனியில் அவன் துணி உலர்த்துவதைப் பார்த்துவிட்டு மேலே கத்தினாள். "ஏ பௌ-யுன்! உன் புருஷனை எந்தக் கோயில்ல வேண்டிக்கிட்டு வாங்கின? முகவரி குடு, எங்க வீட்டுக் கெழவனை அங்க கொண்டுபோய் மாத்திக்கிட்டு வரேன்!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. துண்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "நீ தோய்ச்சா துண்டு கூட எவ்வளவு மெத்துன்னு இருக்கு" என்று வேறு சொன்னேன். அவன் ஒரு காலுறைக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தான்.

தோள் சரியாயிற்று. மறுபடி கம்பத்தில் ஏறினேன். ஏறினால், நிற்கவில்லை. கை பிடிக்கிறது, நழுவுகிறது. முழங்காலைப் பூட்டித் தலையைக் கீழே விட்டால், தொடை அங்குலம் அங்குலமாக இறங்குகிறது. கைக்குப் பிசின் பொடி போட்டேன். ஆல்கஹாலைக் கொட்டிக் கொட்டித் துடைத்தேன், அந்தத் துண்டாலேயே. எவ்வளவுக்கு எவ்வளவு அழுத்தித் துடைத்தேனோ அவ்வளவுக்கு அவ்வளவு வழுக்கியது. ஒரு நாள் உச்சியிலிருந்து சடாரென்று வந்து விழுந்து இடுப்பு கன்றிப் போயிற்று.

மறுநாளே சாய் ஒரு மெத்தை வாங்கிக்கொண்டு வந்தான். கம்பத்தைச் சுற்றிப் போடுகிற மாதிரி நடுவில் வெட்டுவிட்டது, நல்ல தடிமன், நீல நிறம். நாலு மாடியும் தோளில் சுமந்துகொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தான்.

"இது எதுக்கு? நான் என்ன புதுசா கத்துக்கறவளா?"

"விழுந்தா அடிபடக் கூடாதுல்ல. வயசாகுது நமக்கு."

அன்றைக்கு நான் அழுதேன். இருபது வருஷம் ஆகப்போகிறது, என் புருஷனுக்கு என்மேல் இவ்வளவு பாசமா என்று அழுதேன். அவன் என் முதுகைத் தட்டிக்கொடுத்தான். அதை இப்போது நினைத்தால் முதுகு எரிகிறது.

கம்பத்தைக் குறை சொல்லாதே என்றவள் கம்பத்தைச் சந்தேகப்படுவாளா? உடம்பைத்தான் சந்தேகப்பட்டேன். படிக்கட்டை இரண்டு மடங்காக்கினேன். சோற்றை அடியோடு விட்டேன். ரப்பர் பந்தைப் பிசைந்து பிசைந்து விரல் வீங்கிவிட்டது. யீ-சென் என்று ஒரு பெண், எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்தவள், இருபத்திரண்டு வயதுதான், என் வீட்டுக்கு ஆட்டம் பழக வருவாள். அவளவள் துண்டு அவளவளுக்கு என்பது எங்கள் வழக்கம். அவள் தன் துண்டால் துடைத்துவிட்டு அணில் மாதிரி ஏறுவாள், நிற்பாள். அடுத்து நான் என் துண்டால் துடைத்துவிட்டு ஏறுவேன், வழுக்குவேன். வயசு என்று நினைத்துக்கொண்டேன். வேறு என்ன நினைப்பது? ஒரு நாள் குளியலறையில் உட்கார்ந்து என் இரண்டு கையையும் முன்னால் வைத்துக்கொண்டு, "சனியன்களே, இத்தனை வருஷம் சோறு போட்டதெல்லாம் இதுக்குத்தானா?" என்று திட்டினேன். கையால் கையை அடித்தேன். வெளியே சாய் நின்று கேட்டிருக்கிறான். நான் வெளியே வந்தபோது இஞ்சி டீ போட்டு வைத்திருந்தான்.

ஊர்வலத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது நானே சொன்னேன். "என்னால முடியாது, சாய். வாசல்ல அம்மன் முன்னாடி விழுந்து வெச்சா ஊருக்கே ஆகாது. நான் விலகிக்கறேன். யீ-சென் ஏறட்டும்."

அவன் "நீ சொன்னாச் சரி" என்றான். அவ்வளவுதான். ஏன், எதற்கு, இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே என்று ஒரு வார்த்தை இல்லை. என் மனசு நோகக் கூடாது என்று அடக்கிக்கொள்கிறான் என நினைத்தேன். மடச்சி!

முதல் ஜீப்பை விடுவதென்றால் சும்மா விட முடியாது. அம்மனிடம் கேட்க வேண்டும். பிறை வடிவத்தில் இரண்டு சிவப்புக் கட்டைகள் இருக்கும், ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் மேடு. வேண்டிக்கொண்டு தரையில் போட வேண்டும். ஒன்று தட்டையாகவும் ஒன்று மேடாகவும் விழுந்தால் அம்மன் சரி என்கிறாள். இரண்டும் மேடாக விழுந்தால் இல்லை என்கிறாள். இரண்டும் தட்டையாக விழுந்தால் சிரிக்கிறாள்.

நான் முழந்தாளிட்டு, "தாயே, எனக்குத் தெம்பு போயிடுச்சு, என்னை விட்டுடு" என்று போட்டேன். இரண்டும் தட்டை. சிரித்தாள். மறுபடி போட்டேன். மறுபடியும் சிரித்தாள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. அவளுக்கும் நான் கேலிப்பொருளாகப் போய்விட்டேன் என்று தோன்றியது. எழுந்துவிடப் பார்த்தேன். பக்கத்தில் ஊதுபத்தியோடு நின்ற சாய்தான் குனிந்து காதில் சொன்னான்.

"இன்னொரு தடவ போடு."

போட்டேன். ஒன்று தட்டை, ஒன்று மேடு. அம்மன் என்னை விட்டுவிட்டாள். கோயில் கமிட்டித் தலைவர் ஹௌ உடனே யீ-சென்னைக் கூப்பிட்டுக் கட்டை போடச் சொன்னார். அவளுக்கு முதல் தடவையே சரி என்று விழுந்தது.

அதற்கப்புறம் தினமும் யீ-சென்னை வீட்டுக்கு வரச்சொல்லிக் கும்பிடு சொல்லிக்கொடுத்தேன். எந்த இடத்தில் முழங்கால் மடிய வேண்டும், எப்போது மூச்சை இழுக்க வேண்டும், கையை விடும்போது கண்ணை மூடக் கூடாது, எல்லாம். நல்ல பெண். தொடையில் கன்றிப் போன இடங்களைக் காட்டி, "அக்கா, எங்கம்மா பாத்துட்டு யாருடி அடிச்சான்னு கேக்கறாங்க" என்று சிரிப்பாள். பொறாமைப்படக் கூட அவள் எனக்கு இடம் கொடுக்கவில்லை.

ஊர்வலத்துக்கு முதல் நாள் மத்தியானம். நல்ல மழை. ஸ்கூட்டரில் தொப்பலாக நனைந்து வந்தாள். தலையைத் துவட்டி, கை காலெல்லாம் உலரவிட்டு, வேறு உடுப்பு மாட்டிக்கொண்டாள். அவள் துண்டு பிழிகிற பதத்தில் இருந்தது.

"அக்கா, உங்க துண்டை எடுத்துக்கவா?"

"எடுத்துக்கோ. மடிச்சு வெச்சிருக்கு பாரு."

துடைத்தாள். ஏறினாள். முழங்காலைப் பூட்டித் தலையைக் கீழே விட்டாள். அடுத்த நொடி கத்திக்கொண்டே வழுக்கி வந்து மெத்தையில் விழுந்தாள்.

நான் முதலில் பயந்துபோய் ஓடினேன். கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. அவள் எழுந்து உட்கார்ந்து, தன் உள்ளங்கையைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அக்கா, கம்பம் சரியில்ல."

"சோம்பேறி மாதிரி பேசாத" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. வந்தது அப்படியே நின்றது. இந்தப் பெண் நேற்று வரை இதே கம்பத்தில் ஈ மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தவள். இன்றைக்குப் புதிதாக என்ன? என் துண்டு.

துண்டைத் தரையில் விரித்து, குடிக்கிற தண்ணீரை அதன்மேல் கொஞ்சம் விட்டேன். பருத்தித் துண்டு தண்ணீரைக் குடிக்க வேண்டும். இது குடிக்கவில்லை. தண்ணீர் முத்து முத்தாக மேலேயே நின்றது. எங்கள் தொழிலில் இருக்கிறவளுக்கு இதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பால்கனிக்குப் போனேன். சோப்புத்தூள் இருந்த இடத்தில் சோப்புத்தூள்தான் இருந்தது. மெஷினை இழுத்துப் பின்னால் பார்த்தேன். பழைய செருப்புப் பெட்டி. அதற்குள் ஒரு சாஃப்ட்னர் புட்டி. லோ அத்தை வீட்டில் வாங்குவது பூ வாசனை அடிக்கும், படிக்கட்டு வரைக்கும் மணக்கும். இதைத் திறந்து மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. வாசனை இல்லாதது என்று மேலேயே எழுதியிருந்தது. தேடிப்பிடித்து வாங்கியிருக்கிறான். என் மூக்குக்குத் தெரியக் கூடாது என்று யோசித்து, கடையில் நின்று, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து வாங்கியிருக்கிறான்.

வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். யீ-சென் பின்னாலேயே வந்து புட்டியைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தெரியாம ஊத்திட்டாரோ என்னவோ, அக்கா…"

"அவனா? உனக்கு முத நாள் என்ன சொல்லிக் குடுத்தான்?"

அவள் புட்டியை வாங்கிக்கொண்டுபோய் மாடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

எழுந்தேன். கம்பத்தின் மேலிருந்து கீழ் வரை ஆல்கஹாலைக் கொட்டினேன். பழைய செய்தித்தாளைக் கசக்கிக் கசக்கித் தேய்த்தேன். தாள் கருப்பாக வந்தது, தேய்த்தேன், கீச்சென்று சத்தம் வருகிற வரைக்கும் விடவில்லை. என் தொடையையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்தேன். அந்த மெத்தையைக் காலால் எட்டி உதைத்து மூலைக்குத் தள்ளினேன். "அக்கா, மெத்தை வேணும்" என்று அந்தப் பெண் கெஞ்சினாள். கேட்கவில்லை.

ஏறினேன். கை பிடித்தது. தொடை பிடித்தது. தோல் இழுபட்டு எரிந்தது, அந்த எரிச்சலுக்காக நான் எத்தனை மாதமாக ஏங்கியிருந்தேன்! உச்சியில் முழங்காலைப் பூட்டினேன். தலையைக் கீழே விட்டேன். கையை விட்டேன். நின்றேன். ஒரு மயிரிழை இறங்கவில்லை. என் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றுமே ஆகவில்லை.

அப்போதுதான் கதவு திறந்தது. கையில் வான்கோழிச் சோற்றுப் பொட்டலங்களோடு சாய் வந்தான். தலைகீழாக அவன் செருப்பு முதலில் தெரிந்தது, பிறகு முகம். கும்பிட்ட கையோடு தொங்கிக்கொண்டிருக்கிற என்னைப் பார்த்தான், மூலையில் கிடந்த மெத்தையைப் பார்த்தான், மாடத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த புட்டியைப் பார்த்தான். பொட்டலங்களை மேஜையில் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஜோடிச் சாப்பாட்டுக் குச்சியை ஒழுங்காக வைத்தான்.

"இறங்கு. தோள் இன்னும் சரியாகல உனக்கு" என்றான்.

"என் தோளுக்கு என்ன? தோளு நல்லாத்தான் இருக்கு. நீ தோய்ச்ச துண்டுதான் நல்லால்ல."

இறங்கி அவன் எதிரே வந்து நின்றேன். யீ-சென் பையை எடுத்துக்கொண்டு, "நான் கெளம்பறேன் அக்கா" என்றாள்.

"நில்லுடி. நீயும் கேளு. நாளைக்கு உனக்கும் ஒருத்தன் அன்பா துணி தோய்ச்சுக் குடுப்பான்."

சாய் மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "புத்தாண்டுக்கு முன்னாடியே ஹௌ தலைவர் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. படம் புடிக்கறவங்கல்லாம் வராங்களாம். முதல் ஜீப்ல சின்னப் பொண்ணா வேணுமாம். இல்லேன்னா வேற ஊர் வண்டியக் கூப்பிட்டுக்கறோம்னாரு. நான் என்ன பண்றது?"

"எங்கிட்ட சொல்றது."

"உன் மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது?"

"வாயால சொல்றது! இத்தனை வருஷமா சூப்புல உப்புப் பத்தலன்னு என் மூஞ்சியப் பாத்துத்தான சொன்ன? அதே வாய்தான!"

"சொன்னா நீ கோயில் வாசல்ல போய்க் கத்தியிருப்ப."

"ஆமா, கத்தியிருப்பேன். ஹௌ வீட்டு வாசல்ல மண்ணள்ளிப் போட்டிருப்பேன். ரெண்டு நாள் உனக்குச் சோறு கெடைச்சிருக்காது. அப்பறம் நானே இந்தப் பொண்ணைக் கூப்பிட்டுச் சொல்லிக் குடுத்திருப்பேன். ஆனா என் கையை நான் அடிச்சிருக்க மாட்டேன். கேட்டுக்கிட்டுத்தான நின்ன நீ? கதவுக்கு வெளிய நின்னு கேட்டுட்டு, போயி இஞ்சி டீ போட்டியே, உனக்கு எப்படிய்யா மனசு வந்துச்சு?"

"நீயே விலகிட்டா உனக்கும் மானம், எனக்கும்…" அவன் ஒரு குச்சியை நேராக்கி வைத்தான். "உன் நல்லதுக்குத்தான் பௌ-யுன்."

"மேலேருந்து விழுந்து கழுத்து முறிஞ்சிருந்தா?"

அவன் நிமிர்ந்தான். நான்தான் என்னவோ அநியாயமாகப் பேசிவிட்ட மாதிரி, கண்ணில் தண்ணீரோடு சொன்னான்.

"அதுக்குத்தான மெத்தை வாங்கிப் போட்டேன்!"

யீ-சென் "ஐயோ" என்றாள். அவன் அதுவரை சொன்னதையெல்லாம் ஒரு காலத்தில் நான் மன்னித்திருப்பேன். பயந்தாங்கொள்ளி, வாயில்லாதவன் என்று விட்டிருப்பேன். இதை என்ன செய்வது? நான் விழுவேன் என்று தெரிந்து, விழவேண்டும் என்று ஏற்பாடு பண்ணி, விழுந்தால் வலிக்காமல் இருக்க மெத்தையும் வாங்கி, நாலு மாடி சுமந்துகொண்டு வந்திருக்கிறான். அந்த மெத்தைக்குத்தான் நான் அழுதேன். இன்னொரு பெண்ணோடு போயிருந்தால் கூட அவளைப் போய் மயிரைப் பிடித்து இழுத்திருக்கலாம். என் உடம்புக்கும் எனக்கும் நடுவில் புகுந்து என் உடம்பையே எனக்கு விரோதியாக்கியவனை எங்கே பிடித்து இழுப்பது?

மெத்தையை இழுத்துக் கதவுக்கு வெளியே, படிக்கட்டில் தள்ளினேன். சோற்றுப் பொட்டலம் ஒன்றை அதன்மேல் வைத்தேன்.

"இனிமே உனக்கு அதான் படுக்கை. நல்லா மெத்துன்னு இருக்கும், வாங்கினவனுக்குத் தெரியாததா?"

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. கோயில் வாசலில் கொட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. ஜீப்புகள் வரிசையாக நின்றன. முதல் ஜீப்புக்குப் பக்கத்தில் கசங்கிய சட்டையோடு சாய் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தான்.

"அம்மன்கிட்ட கேட்டுப் பாரேன். திரும்ப ஏறலாமான்னு கேளு. அவ சரின்னுட்டா, நான் ஹௌகிட்ட பேசறேன். சத்தியமா பேசறேன்."

அதையும் அம்மன் தலையில் கட்டப் பார்க்கிறான். ஆனாலும் எனக்கு ஆசை விடவில்லை. பொய் சொல்லுவானேன், முந்தின நாள் அந்தக் கம்பத்தில் ஒட்டி நின்றதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. அவனை வெளியே நிறுத்திவிட்டுத் தனியாக உள்ளே போனேன். முழந்தாளிட்டு, கட்டைகளைக் கையில் பொத்திக்கொண்டு சொன்னேன்.

"தாயே, அன்னிக்கு நீ சிரிச்சது எதுக்குன்னு இப்பதான் புரியுது. என்னை ஏமாத்தி உங்கிட்ட அனுப்பிட்டாங்க. என் காலு நல்லாத்தான் இருக்கு. நான் திரும்ப ஏறட்டுமா?"

போட்டேன். ஒரு கட்டை மேடாக நின்றது. இன்னொன்று உருண்டு, ஆடி, அதுவும் மேடாக நின்றது.

இல்லை என்றாள். விட்டது விட்டதுதான், அந்தப் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, போ என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அங்கேயே தரையில் நெற்றியை வைத்து அழுதேன். அழுதபிறகு மனசு என்னவோ நேரானது. இத்தனை மாதத்தில், இத்தனை பேரில், என் முகத்துக்கு நேராக இல்லை என்று சொன்னவள் அவள் ஒருத்திதான்.

வெளியே வந்தேன். "என்ன சொன்னா? என்ன சொன்னா?" என்று சாய் பின்னால் வந்தான். நான் ஜீப்பின் மேல் ஏறி, கையோடு கொண்டுபோயிருந்த ஆல்கஹாலும் செய்தித்தாளுமாகக் கம்பத்தை மேலிருந்து கீழ் வரை துடைத்தேன். கீச்சென்று சத்தம் வந்ததும் யீ-சென்னைக் கை கொடுத்து மேலே ஏற்றிவிட்டேன்.

"கண்ணை மூடாத."

"மூட மாட்டேன் அக்கா."

பல்லக்கு வாசலைத் தாண்டியது. உச்சியில் அந்தப் பெண் முழங்காலைப் பூட்டினாள், தலையைக் கீழே விட்டாள், கையை விட்டாள். அம்மனைப் பார்த்துக் கும்பிட்டாள். ஆடாமல் அசையாமல் நின்றாள். வெடி வெடித்தது, ஊரே கத்தியது, நானும் கத்தினேன்.

புகை விலகியபோது சாய் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்துக் கதவைத் திறந்துவைத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஏறிக்கோ, வெயிலா இருக்கு" என்றான்.

"உன்னோட வர மாட்டேன். வண்டியிலயும் சரி, வீட்டுலயும் சரி" என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். பிறகு பல்லக்குக்குப் பின்னால் நடந்த பெண்களோடு போய்ச் சேர்ந்துகொண்டேன்.